முன்கையில் கோலம்: புள்ளிகள் ஒட்டிக்கொள்ளுமா?

நெளிமோதிரம்:
போன வாரம் இங்கே ஒருவர் முதல் டாட்டூவாக என்ன போடலாம் என்று கேட்டிருந்தார். அதற்கு ஊசிமுனை எழுதிய பதில் இது: "கோலம் மட்டும் வேண்டாம். கொஞ்ச வருஷத்தில் புள்ளியும் கோடும் ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் பச்சை குத்திய பாட்டிகளின் கையைப் பாருங்கள், அழுக்குத் திட்டு மாதிரி இருக்கும்."

படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. என் அப்பாயி துறையூர்ப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பே முன்கையில் கோலம் குத்திக்கொண்டவர். எண்பது வயதைத் தாண்டிய பிறகும் அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது, எந்தப் புள்ளியைச் சுற்றிப் போகிறது என்று விரலை வைத்துக் காட்டுவார். அது அழுக்குத் திட்டு இல்லை.

எனக்கும் அதே கோலத்தை முதல் டாட்டூவாகக் குத்திக்கொள்ள ஆசை. வரிசைக்கு ஐந்து புள்ளி, சிக்குக் கோலம். இடது மணிக்கட்டின் உட்பக்கம், பத்து ரூபாய் நாணயம் அளவு. இன்னும் முடிவு செய்யவில்லை. ஊசிமுனை முதலில் தான் சொன்னதற்கு ஆதாரம் காட்டட்டும்.

ஊசிமுனை:
ஆதாரத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள் தங்கச்சி. பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். அதற்குள் வரிசைக்கு ஐந்து புள்ளி வைத்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு இழுத்தால் புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. மை போய் உட்காருவது மேல்தோலில் இல்லை, அதற்கு அடியில் இருக்கும் உள்தோலில். அங்கே அது அப்படியே நிற்காது, வருஷம் போகப் போகக் கோடு தடிக்கும். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி தாங்காது, ஒட்டிக்கொள்ளும். கோயம்புத்தூரில் இதே தொழிலில் இருக்கிறேன். ஒட்டிப்போன கோலத்தை மூடி வேறு படம் போட்டுத் தரச் சொல்லி என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள்.

கரிசல்காடன்:
அப்படியென்றால் நூறு வருஷமாகக் கோலம் குத்திக்கொண்ட பெண்கள் எல்லாம் ஏமாந்தவர்களா? ஆங்கிலேய ஆய்வாளர் எட்கர் தர்ஸ்டன் 1906-இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகளில் பச்சை குத்துவதைப் பற்றி எழுதியிருக்கிறார். குறத்தியர் ஊர் ஊராகப் போய்க் குத்தினார்கள். மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்துத் துணியில் தடவுவார்கள். அதைத் திரியாகச் சுருட்டி விளக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்து, அதில் படியும் கரியைச் சுரண்டி எடுப்பார்கள். தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை தயார். இவ்வளவு பக்குவம் தெரிந்தவர்களுக்குப் புள்ளிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று தெரியாமலா போயிருக்கும்? கோவில்பட்டியில் என் பெரியம்மா கையில் இருக்கிற கோலத்தில் இன்றைக்கும் புள்ளியை எண்ணலாம்.

ஊசிமுனை:
மை தயாரிக்கிற பக்குவத்தை நான் குறை சொல்லவே இல்லை. விளக்குக் கரி அருமையான கறுப்பு. நான் பேசுவது இடைவெளியைப் பற்றி. உங்கள் பெரியம்மாவின் கோலம் எவ்வளவு பெரியது? முன்கையில் பாதியை அடைத்திருக்கும், சரிதானே? இந்தத் தங்கச்சி கேட்பது நாணயம் அளவு. ஒட்டிக்கொள்ளும்.

நெளிமோதிரம்:
நான் உங்கள் தங்கச்சி இல்லை. அப்புறம், "பாட்டிகளின் கை அழுக்குத் திட்டு" என்று எழுதியபோது நாணயம் அளவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னீர்களா? பாட்டிகள் எல்லாரையும் சேர்த்துத்தானே சொன்னீர்கள்? இப்போது மெல்ல அளவுக்குள் போய் ஒளிந்துகொள்கிறீர்கள்.

சுக்குக்காப்பி:
அவர் எப்போதும் இப்படித்தான். இங்கே திருவிழாவில் பச்சை குத்துகிறவர்களைப் பற்றிய விவாத இழையிலும் முதலில் எல்லாரையும் திட்டினார். யாராவது கேட்டால் "நான் ஊசியைப் பற்றி மட்டும்தான் சொன்னேன்" என்று மாற்றிவிட்டார். ஏழைகளிடம் போய்க் குத்திக்கொண்டால் இவருடைய ஸ்டூடியோவுக்கு யார் வருவார்கள்?

ஊசிமுனை:
சுக்குக்காப்பி, அந்த இழையிலும் நான் சொன்னது சரிதான், இப்போதும் சொல்கிறேன். ஒரே ஊசி, ஒரே மைக்கிண்ணி, வரிசையில் இருபது பேர். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி எல்லாம் ரத்தம் பட்ட ஊசியில் பரவும். கண்ணெதிரே உறையைக் கிழித்துப் புது ஊசி எடுக்க வேண்டும், மையைத் தனிக் கிண்ணியில் ஊற்ற வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். குத்துகிறவர் ஏழையா பணக்காரரா என்பது வைரஸுக்குத் தெரியாது. இதைச் சொன்னால் வியாபாரம் என்கிறீர்கள்.

வார்டுநர்ஸ்:
ஊசி விஷயத்தில் ஊசிமுனை சொல்வது முழுக்கச் சரி. மற்றதில் இரண்டு பக்கமும் வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறீர்கள். நிறம் மங்குவது ஒன்று, கோடு பரவுவது இன்னொன்று. உள்தோலில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் மைத்துகளை விழுங்கி வைத்துக்கொள்ளும். அந்தச் செல் செத்தால் மை வெளியே வரும், பக்கத்தில் வரும் புதுச் செல் அதை மறுபடி விழுங்கும். பிரான்சில் எலிகளை வைத்து ஆராய்ந்து 2018-இல் இதைக் காட்டினார்கள். டாட்டூ பல வருஷம் நிலைத்திருப்பது இதனால்தான். கறுப்பு மை பச்சையாகத் தெரிவது தோலுக்கு அடியிலிருந்து ஒளி சிதறி வருவதால். அது அழுக்கும் இல்லை, ஒட்டியதும் இல்லை.

நெளிமோதிரம், உங்கள் வீட்டில் யாருக்காவது கீலாய்டு உண்டா? காது குத்திய இடத்திலோ தையல் போட்ட இடத்திலோ தழும்பு காயத்தைத் தாண்டி வளர்ந்து புடைப்பாக நிற்குமே, அதுதான். நம் போன்ற மாநிறத் தோலில் அது அதிகம். இருந்தால் கோலமா வேறு படமா என்ற யோசனையே வேண்டாம், முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கரிசல்காடன்:
பார்த்தீர்களா, நர்ஸ் அம்மாவே சொல்லிவிட்டார், பல வருஷம் நிலைத்திருக்கும், ஒட்டாது.

ஊசிமுனை:
அவர் "ஒட்டாது" என்று எங்கே சொன்னார்? செல் செத்து, மை வெளியே வந்து, பக்கத்துச் செல் விழுங்கும் என்கிறார். ஒவ்வொரு முறையும் மை கொஞ்சம் நகரும் என்றுதான் அதற்கு அர்த்தம். நான் சொன்ன அதே விஷயம். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி தாங்காது.

வார்டுநர்ஸ்:
நான் இரண்டையும் சொல்லவில்லை. கீலாய்டு பற்றிக் கேட்டேன்.

தெற்குத்தெரு:
ஒட்டுமா ஒட்டாதா என்று மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கிறீர்கள். எதற்குக் குத்த வேண்டும் என்று ஒருவராவது கேட்டீர்களா? பெற்றவர்கள் கொடுத்த உடம்பு. நாளைக்கு அரசு வேலைக்குப் போனால் மருத்துவப் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரத்ததானமும் செய்ய முடியாது.

சுக்குக்காப்பி:
ஐயா, அரைகுறையாகச் சொல்லாதீர்கள். எல்லா அரசு வேலைக்கும் அப்படி விதி கிடையாது. மத்திய ஆயுதக் காவல் படைகளின் ஆள்சேர்ப்பு விதியில்கூட, பெயரோ மதச் சின்னமோ இடது முன்கையின் உட்பக்கம் அல்லது புறங்கையில் இருக்கலாம், அந்தப் பகுதியில் கால் பங்குக்குள் அடங்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. சல்யூட் அடிக்காத கை என்பதால் இடது. ராணுவத்திலும் முழங்கைக்கு உட்பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரையும் புறங்கையிலும் அனுமதி உண்டு. ரத்ததானத்துக்கு ஓராண்டு காத்திருந்தால் போதும், அப்புறம் தாராளமாகக் கொடுக்கலாம்.

தெற்குத்தெரு:
இடது கை, கால் பங்கு என்று அளந்து வைத்திருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கே அது பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? எங்கள் அம்மா கையில் பச்சை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது சடங்கு மாதிரி, ஊரில் எல்லாப் பெண்களுக்கும் இருந்தது. இன்றைக்குக் குத்துவது படம் எடுத்துப் போடுவதற்கு. குத்தியே ஆக வேண்டுமென்றால் "அம்மா" என்று தமிழில் எழுதிக்கொள்ளுங்கள், அர்த்தமாவது இருக்கும்.

ஊசிமுனை:
தமிழ் எழுத்தில் இதைவிட மோசமாக ஒட்டும். "ண" எழுத்தின் சுழிகளைச் சின்ன அளவில் போட்டால் உள்ளே இருக்கிற வெற்றிடம் முதலில் அடைபடும். "அம்மா"வில் ம் மேல் இருக்கிற புள்ளி கோட்டோடு ஒட்டினாலோ மங்கினாலோ கையில் "அமமா" என்று நிற்கும். இன்னொன்று, தமிழ் சரியாகத் தெரியாத மென்பொருளில் தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், துணைக்கால் தனியே நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாதவர் அதை அப்படியே ஸ்டென்சில், அதாவது தோலில் ஒற்றும் அச்சு, எடுத்துக் குத்திவிடுவார். பெங்களூரில் குத்திக்கொண்டு வந்த ஒரு பையனின் முதுகில் அவன் ஊர்ப் பெயரே உடைந்து கிடந்தது.

கரிசல்காடன்:
தமிழும் ஆகாது, கோலமும் ஆகாது. பிறகு எதைத்தான் போடச் சொல்கிறீர்கள்? சிங்கமும் ரோஜாப் பூவுமா? வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்துக் குத்தினால் மட்டும் ஒட்டாதா?

ஊசிமுனை:
நான் ஆகாது என்று சொல்லவே இல்லை. பெரிதாகப் போடு என்கிறேன். முன்கை உட்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு, கறுப்பு மை மட்டும். மஞ்சளும் வெள்ளையும் நம் தோலில் சீக்கிரம் காணாமல் போகும். நாளைக்கு வேண்டாமென்று லேசருக்குப் போனாலும் கறுப்புதான் எளிதாகக் கரையும், பச்சையும் மஞ்சளும் அடம் பிடிக்கும். மணிக்கட்டில் மடிப்பு இருக்கிறது, வளையலும் வாட்சும் உரசிக்கொண்டே இருக்கும். அங்கே நாணயம் அளவில் வரிசைக்கு ஐந்து புள்ளி என்றால் ஒட்டும். இதை எத்தனை தடவை சொல்வது?

நெளிமோதிரம்:
எத்தனை தடவை சொன்னாலும் "பாட்டிகளின் கை அழுக்குத் திட்டு" என்று எழுதியதைத் திரும்பப் பெற மாட்டீர்கள். பெரிதாகப் போட்டால் சரி என்று இப்போது நீங்களே சொல்கிறீர்கள். அப்பாயி கையில் இருந்தது பெரியதுதான். அப்படியானால் அது அழுக்கு இல்லைதானே?

ஊசிமுனை:
உங்கள் அப்பாயி கையை நான் பார்த்ததில்லை. பார்த்த கைகளைப் பற்றிச் சொன்னேன். மெஷின் இல்லாமல், சேர்த்துக் கட்டிய ஊசிகளைக் கையால் குத்தும்போது ஆழம் ஒரே மாதிரி வராது. கொஞ்சம் கூடுதலாக இறங்கினால் அன்றைக்கே மை பரவும்.

கரிசல்காடன்:
இப்போது குறத்தியரின் கைத்திறமையையே குறை சொல்கிறார். ஒரு தெருவின் பெண்கள் மொத்தப் பேருக்கும் நாள் முழுக்க உட்கார்ந்து குத்திய கைகள் அவை. மெஷினை மிதித்தால் தானாக ஓடும் உங்களுக்கு என்ன தெரியும்?

சுக்குக்காப்பி:
கரிசல்காடன், சபாஷ். திருவிழா இழையில் நரிக்குறவர்களையும் இவர் இப்படித்தான் பேசினார்.

கரிசல்காடன்:
தம்பி, நரிக்குறவர் வேறு, குறவர் வேறு. தர்ஸ்டன் எழுதியது குறத்தியரைப் பற்றி. இருவரும் பேசும் மொழியே வேறு. எனக்கு ஆதரவாகப் பேசுவதாக இருந்தாலும் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

சுக்குக்காப்பி:
ஆதரவுக்கு வந்தவனையே அடிப்பது உங்கள் பழக்கம். கம்பு, சோளம் இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

வார்டுநர்ஸ்:
நெளிமோதிரம், கீலாய்டு கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எப்படி இருக்கும் என்று பார்க்கக் கடையில் விற்கிற கறுப்பு மருதாணியைப் போட்டுப் பார்க்காதீர்கள். அதில் தலைச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கும், தோல் கொப்பளிக்கலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பிறகு தலைச்சாயமும் சேராது. ஸ்டென்சிலை மட்டும் கையில் ஒட்டிக்கொண்டு நடமாடிப் பாருங்கள். குளித்தால் மெல்லப் போய்விடும்.

நெளிமோதிரம்:
நன்றி அக்கா. எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படிப் புடைத்த தழும்பு இல்லை. ஸ்டென்சில் யோசனை பிடித்திருக்கிறது, மணிக்கட்டில்தான் ஒட்டிப் பார்ப்பேன். ஐந்து புள்ளியை மூன்றாகக் குறைத்தால் என்ன என்று என் தோழி கேட்கிறாள். அப்பாயி கோலத்தில் ஐந்து. குறைத்தால் அது அவருடைய கோலம் இல்லை. குறைக்க மாட்டேன்.

ஊசிமுனை:
அப்படியானால் அளவைக் கூட்டுங்கள். நாணயம் அளவில் நான் போட்டுத் தரமாட்டேன். என் கையிலிருந்து ஒட்டிப்போன வேலை வெளியே போகக் கூடாது.

நெளிமோதிரம்:
உங்களிடம் வருகிறேன் என்று யார் சொன்னது?

தெற்குத்தெரு:
வீட்டில் கேட்டாயா அம்மா? அதை முதலில் சொல்.

கரிசல்காடன்:
பொங்கலுக்குக் கோவில்பட்டி போகிறேன். பெரியம்மா கையைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன். புள்ளியை எண்ணிப் பார்த்துவிட்டு ஊசிமுனை பேசட்டும்.

ஊசிமுனை:
போடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள். புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிய வேண்டும்.

கரிசல்காடன்:
எழுபத்தெட்டு வயதுப் பெரியம்மாவின் கையில் ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்கிறீர்களா? மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

சுக்குக்காப்பி:
ஸ்கேல் வைத்தாலும் அடுத்து ஸ்கேலே தப்பு என்பார். அதற்கு முன்னால் கரிசல்காடன் எனக்கு ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறார். நான் எதைத் தெரியாமல் பேசினேன்?