கருப்பு மருதாணியால் எழும்பிய கொப்புளங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மதுரைத்தாய்:
அக்கா மகளின் வளைகாப்பில் என் ஒன்பது வயது மகளுக்குக் கோன் மருதாணி வைத்தார்கள். அரை மணி நேரத்தில் கருகருவென்று பிடித்ததைக் கண்டு எல்லோரும் மகிழ்ந்தோம். பத்தாம் நாள் இரவு, கை அரிக்கிறது என்று என்னை எழுப்பினாள். விளக்கைப் போடும் முன்பே, அவள் புறங்கையில் மயிலின் கழுத்தும் தோகையும் என் விரலுக்குத் தட்டுப்பட்டன. வரைந்த கோட்டின் மேல் மட்டும் வரிசையாகக் கொப்புளங்கள். மறுநாள் தோல் மருத்துவர் என்ன பூசினீர்கள் என்று கேட்டபோது, வெறும் மருதாணிதான் என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னேன். உறையில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. ஆனாலும் அந்தப் பதில் இன்றும் என்னை உறுத்துகிறது.

கடலோடி:
பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கோவா கடற்கரையில் தோளில் கருப்பாக ஒரு தேள் வரைந்துகொண்டேன். சற்று அரித்து ஆறியது, மறந்துவிட்டேன். சென்ற ஆண்டு முதன்முறையாகத் தலைக்குச் சாயம் பூசிய மறுநாள் காலை, இமைகள் வீங்கிக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. தேளிலும் சாயத்திலும் இருந்தது பாரா-ஃபெனிலீன்டையமின் என்ற ஒரே பொருளாக இருக்கக்கூடும் என்றார் மருத்துவர். தயவுசெய்து மருதாணியைப் பழிக்காதீர்கள். ஆடி மாதத்தில் இலை பறித்து, கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து அம்மியில் அரைத்து வைத்த எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இலை யாருக்கும் கெடுதல் செய்யாது.

ஓய்வுபெற்ற செவிலி:
கடலோடி அவர்கள் சொல்வதில் பாதியை மட்டுமே ஏற்கிறேன். இலையிலுள்ள லாசோன் என்னும் நிறமி ஒவ்வாமை தருவது அரிது. ஆனால் ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள கைக்குழந்தைக்கு அசல் இலையே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். என் அண்ணன் பேரனுக்கு அப்படி நேர்ந்து, இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது.

மதுரைத்தாய் அவர்களே, அசல் மருதாணி முதலில் ஆரஞ்சு நிறமே தரும், ஓரிரு நாளில்தான் செம்பழுப்பாகும். அரை மணியில் கருத்தால் அதில் வேறு சாயம் கலந்திருக்கிறது என்றே கொள்ளுங்கள். அரிக்கும்போது குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள், அதன்மேல் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசாதீர்கள், ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் சொன்ன நாள்களுக்கு மட்டும் தடவுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். புண் நன்றாக ஆறிய பின், முதுகில் மருந்து ஒட்டிப் பார்க்கும் சோதனை தேவையா என்று தோல் மருத்துவரிடம் கேட்டு, செய்தால் முடிவை எழுத்தில் வாங்கி வையுங்கள். இந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். தலைச்சாயம் மட்டுமன்றி, பென்சோகெயின் போன்ற மரப்பு மருந்துகளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும். மீந்த கோனையும் எறியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மதுரைத்தாய்:
கோனை வளைகாப்பு அன்றே குப்பையில் போட்டுவிட்டோம். கொப்புளங்கள் மூன்று வாரத்தில் ஆறின. இப்போது மயில் வெள்ளையாக இருக்கிறது. பள்ளியில் எழுதாத நேரமெல்லாம் அந்தக் கையைப் புத்தகத்துக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். உங்களில் யாருக்காவது இத்தகைய வெளுப்பு மறைந்ததா, அதற்கு எத்தனை மாதங்கள் ஆயின?