போஸ்ட்பயாட்டிக்குக்கு ‘அவிநுண்ணுயிரி’: கறிக்கோழித் தீவனச் சொற்கள் சில

அன்புடையீர், வணக்கம்.

கறிக்கோழியின் குடல்நலம் கருதித் தீவனத்தில் கலக்கும் பொருள்களின் ஆங்கிலப் பெயர்களுக்கு நீங்கள் தந்த தமிழ்ச் சொற்பட்டியலைப் படித்தேன். ‘குடல்நலம்’ என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஃபீட் அடிட்டிவ் என்பதற்குத் ‘தீவனச் சேர்மம்’ என்று இட்டிருப்பது மட்டும் உறுத்துகிறது. பள்ளி வேதியியல் படித்தவருக்குச் சேர்மம் என்றால் தனிமங்கள் வேதிவினையால் கூடி உண்டாவது. பைட்டேஸ் நொதியையும் ஃபார்மிக் அமிலத்தையும் பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளையும் அந்த ஒரு சொல்லில் அடக்க இயலாது. ‘சேர்க்கை’ என்றால் செயலா பொருளா என மயங்கும். கால்நடைத் துறையில் அச்சொல்லுக்கு இனச்சேர்க்கை என்ற வேறொரு வேலையும் உண்டு. ‘சேர்பொருள்’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிரிகளான புரோபயாட்டிக், குடலின் நுண்ணுயிரிகளுக்கு உணவாகும் ப்ரீபயாட்டிக் என்ற இணை. வளர்ச்சியைத் தூண்டுவதற்காகத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்த பிறகு, மாற்றாகப் பேசப்படுபவற்றில் இவை இரண்டும் முன்னணியில் இருப்பதால், சொற்கள் ஒன்றோடொன்று குழம்பினால் கலக்கும் பொருளும் குழம்பிவிடும். முன்னொட்டை மொழிபெயர்க்கப் போனால் ‘புரோ’, ‘ப்ரீ’ இரண்டும் தமிழில் ‘முன்’ என்றே வந்து நிற்கின்றன. போதாக்குறைக்கு, இரண்டாவது உயிரியே அன்று. ஃப்ரக்டோ-ஆலிகோசாக்கரைடு போன்ற அந்தச் சர்க்கரைத் தொடர்கள் கோழிக்குச் செரிக்காமல் குருட்டுக்குடல்கள் வரை சென்று, அங்கு வாழும் பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன. அவை நொதிக்கும்போது விளையும் பியூட்டிரிக் அமிலம் குடற்சுவரின் செல்களுக்கு ஆற்றல் தருகிறது. தீனி கோழிக்கு அன்று, கோழிக்குள் குடியிருப்பவற்றுக்கு. ஆகவே ‘நுண்ணுயிர்த்தீனி’ என்கிறேன்.

புரோபயாட்டிக் என்ற சொல்லின் வேரை நம்பியும் பயனில்லை. 1965இல் அது ஒரு நுண்ணுயிர் சுரந்து இன்னொன்றின் வளர்ச்சியைத் தூண்டும் பொருளைக் குறித்தது. 1989இல் ஃபுல்லர் என்ற ஆய்வாளர் தந்த வரையறையில், குடலின் நுண்ணுயிர்ச் சமநிலையைச் சீராக்கும் உயிருள்ள தீவனத் துணைப்பொருள் ஆயிற்று. மூலமொழியிலேயே பொருள் இவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டபோது, நாம் செயலைப் பார்த்து ‘நலநுண்ணுயிரி’ என்று பெயரிடுவதில் தவறில்லை.

உண்மையான சிக்கல் போஸ்ட்பயாட்டிக்கில்தான் இருக்கிறது. 2021இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் வரையறையின்படி, இது உயிரற்ற நுண்ணுயிரிகளையோ அவற்றின் கூறுகளையோ கொண்டு, உட்கொள்ளும் உயிருக்கு நன்மை தரும் தயாரிப்பு. ‘நுண்ணுயிர் விளைபொருள்’ என்ற முன்மொழிவு இங்கே இடறுகிறது, ஏனெனில் தூய்மைப்படுத்திய பியூட்டிரிக் அமிலம் விளைபொருளே ஆயினும் அவ்வரையறைக்குள் வராது. ‘நுண்ணுயிர் எச்சம்’ என்பதை வேறு துறையில் ஏற்றிருப்பேன். பறவையைப் பற்றிப் பேசும் இடத்தில் எச்சம் என்றால் தரையில் கிடப்பதுதான் நினைவுக்கு வரும், அதைத் தீவனத்தில் கலக்கச் சொல்வதாக யாரேனும் படித்துவிடக் கூடாது.

மடிந்த, அதாவது இறந்த, நுண்ணுயிரி என்ற பொருளில் ‘மடிநுண்ணுயிரி’ செறிவான சொல்தான். ஆனால் கால்நடை மருத்துவத்தில் மடி என்றதும் பசு வந்துவிடுகிறது. மேலும், கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் குடல்நோய்க்குப் பட்டியலில் ‘திசுமடிவுக் குடலழற்சி’ என்று சரியாகவே இட்டிருக்கிறீர்கள். அந்நோயில் இறந்த கோழியை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சிறுகுடல் காற்றடைத்து உப்பியிருக்கும், கத்தரி பட்டதும் கிழியும், உட்புறம் பழைய துவாலையைப் போலச் சொரசொரத்து மஞ்சளும் பழுப்புமாகப் படலம் படிந்திருக்கும். மடிவு என்ற சொல் அந்தக் காட்சிக்கே இருக்கட்டும். அதைத் தடுக்கக் கொடுக்கும் பொருளுக்கும் அதே வேர் வேண்டாம்.

என் முன்மொழிவு ‘அவிநுண்ணுயிரி’. அவிதல் என்றால் அணைதல், ஒடுங்குதல். அவித்தல் என்றால் வெப்பத்தால் வேகவைத்தல் என்பதோடு அணைத்தல் என்றும் பொருள்படும். இந்நுண்ணுயிரிகள் பெரும்பாலும் சூட்டினால் செயலிழக்கச் செய்யப்படுவதால் இரு பொருளும் ஒத்துவருகின்றன. குச்சித்தீவனம் (பெல்லட்) தயாரிக்கும் நீராவிச் சூட்டில் தற்செயலாகச் செத்துப்போகும் லாக்டோபேசில்லஸ் என்ற நலநுண்ணுயிரி இதில் சேராது என்பதை வரையறையில் சொல்லிவிட வேண்டும். அங்கே நிகழ்வது இழப்பு, இங்கே வேண்டுமென்றே அவிக்கிறோம். (பேசில்லஸ் வித்துகள் அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும் என்பதால்தான் தீவன ஆலைகள் அவற்றை விரும்புகின்றன.)

இதில் ஒரு குறையும் உண்டு. முழுச் செல் இல்லாமல் செல்சுவர்த் துணுக்குகள் மட்டும் உள்ள தயாரிப்பை ‘நுண்ணுயிரி’ என்று அழைப்பது பொருந்தவில்லை. அதற்கு ‘அவிநுண்ணுயிர்ப்பொருள்’ என நீட்டலாம், ஆனால் தீவன மூட்டையின் சீட்டில் அவ்வளவு நீளமான சொல்லை யாரும் அச்சிட மாட்டார்கள். துணுக்கையும் தழுவும் சிறிய சொல் எவருக்கேனும் தோன்றினால் என் சொல்லைக் கைவிட ஆயத்தமாக இருக்கிறேன். அதுவரை, “இத்தீவனத்தில் நலநுண்ணுயிரியும் நுண்ணுயிர்த்தீனியும் சேர்ந்துள்ளன, அவிநுண்ணுயிரி சேர்க்கப்படவில்லை” என்ற வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எந்த இடத்தில் நாக்குத் தடுக்குகிறது என்று எழுதுங்கள்.