பழைய கல்வீட்டுச் சுவரில் பெயின்ற் கொப்பளிச்சு உரியுது: வோட்டர் புரூஃப் அடிக்கலாமோ?

வேலணையான்:
வேலணையில் பழைய கல்வீடு. சுண்ணாம்புக்கல், சுண்ணாம்புச் சாந்து, சுவர் ஒன்றரை அடி தடிப்பு. மூன்று வருசத்துக்கு முன்னம் உள்பக்கத்துப் பழைய பூச்சைக் கொத்திப்போட்டு சீமெந்து பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் இரண்டு கோட் அடிச்சது. இப்ப நிலத்திலிருந்து மூன்றடி வரைக்கும் கொப்பளிச்சுத் தகடு தகடாக உரியுது. தகட்டின் பின்பக்கம் வெள்ளை மா மாதிரி. கூரையில் ஒழுக்கில்லை. சுரண்டிப்போட்டு வோட்டர் புரூஃப் பெயின்ற் அடிச்சால் நிக்குமோ?

சாந்தகப்பை:
நிக்காது, அடிக்காதேங்கோ. அது மா இல்லை, உப்பு. நிலத்து ஈரம் கல்லுக்குள்ளால் ஏறேக்க உப்பையும் கரைச்சுக்கொண்டு வரும். தண்ணி ஆவியாகிப் போயிடும், உப்பு தங்கிவிடும். சுண்ணாம்புப் பூச்சென்றால் அது வெளியில் பூக்கும், தும்புத்தடியால் தட்டி விடலாம். சீமெந்தும் எமல்ஷனும் வழியை மறிச்சால் பின்னுக்கு நின்று பளிங்காக வளர்ந்து பூச்சைத் தள்ளும். இன்னும் இறுக்கி மூடினால் ஈரம் மூன்றடியில் நிக்காமல் மேலே ஏறும்.

காலமையில் சுவரில் கருந்திட்டு தெரிஞ்சு, வெயில் ஏற மங்குதோ என்று பாருங்கோ. அப்படியென்றால் பெரும்பாலும் கறியுப்புத்தான். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணியை இழுக்கும். அதாலே நிலத்து ஈரத்தை மறிச்சாலும், உப்பேறின பூச்சு இருக்கும்வரை திட்டு போகாது. பூச்சைக் கழற்றத்தான் வேணும்.

கறை தெரியிற உயரத்துக்கு மேலே இன்னும் ஒன்றரை அடி விட்டு, சின்ன உளியால் கல் உடையாமல் கொத்தி எடுங்கோ. கல்லிடுக்கில் உதிருற சாந்தை முக்கால் அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டுங்கோ. உலர்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தட்டிக் கூட்டி அள்ளுங்கோ. கழுவக் கூடாது, கரைஞ்சு திரும்பக் கல்லுக்குள்ளேயே போகும். கொத்தின தூளையும் சுவரடியில் குவிச்சு வையாதேங்கோ. மாரி முடிஞ்சதும் இந்த வேலையைத் தொடங்கினால், கோடை வெயிலில் சுவரைத் திறந்தபடி காயவிடலாம். உப்புப் பூக்கப் பூக்கத் தட்டிக்கொண்டிருங்கோ.

நீற்றுப்பெட்டி:
அதுக்கு முதல் வெளியில் போய்ப் பாருங்கோ. முற்றத்துக்குச் சீமெந்து போட்டு நிலத்தை உயர்த்தியிருந்தால், அல்லது பூங்கன்றுக்குச் சுவரடியில் தண்ணி விட்டால், உள்ளே என்ன செய்தும் பலனில்லை. சுவரோரம் ஓரடி அகலத்துக்குச் சீமெந்தை உடைச்சு, வீட்டுத் தரையை விட ஆறு அங்குலம் தாழ வெட்டி, சல்லி போட்டு விடுங்கோ.

பூச்சுக்கு நீற்றின சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவின மணல் மூன்று பங்கு. பச்சைச் சுண்ணாம்பை நீற்றுறதென்றால் தண்ணிக்குள் சுண்ணாம்பைக் கொஞ்சங் கொஞ்சமாகப் போடுங்கோ. கொதிச்சுத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். நீற்றினதை மூன்று கிழமையாவது தண்ணிக்குக் கீழே வைச்சுத்தான் எடுக்கவேணும். சுவரை நனைச்சு, ஒரு கைக்கு அரை அங்குலத்துக்கு மேற்படாமல் பூசுங்கோ. முதல் கையைக் கீறிவிட்டு ஒரு கிழமை பொறுத்து இரண்டாவது. நனைச்ச சாக்கு தொங்கவிட்டு மூன்று நாலு நாள் ஈரம் காக்கவேணும். மயிரிழை வெடிப்பு வந்தால், பூச்சு இறுகமுதல் மரப்பலகையால் அழுத்தித் தேய்ச்சுவிட்டால் மூடும்.

வேலணையான்:
வீட்டுக் கிணறு கொஞ்சம் உவர். அந்தத் தண்ணியில் குழைக்கலாமோ? கெதியாக இறுகச் சாந்துக்கு ஒரு பிடி சீமெந்து போடச் சொல்லி மேசன் சொல்லுறார்.

நீற்றுப்பெட்டி:
இரண்டும் வேண்டாம். உவர்த் தண்ணியில் குழைச்சால் கொத்தி எடுத்த உப்பை நீங்களே திரும்பப் பூசுறீங்கள். பவுசர்த் தண்ணியோ மழைத் தண்ணியோ எடுங்கோ. கடற்கரைப் பக்கத்து மணலென்றால் இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணியில் அலசுங்கோ. ஒரு பிடி சீமெந்து சாந்தைப் பலப்படுத்தாது. சுண்ணாம்பு மெதுவாகக் காற்றைக் குடிச்சு இறுகிறதைத்தான் குழப்பும்.

சாந்தகப்பை:
மேலே எமல்ஷன் திரும்ப வேண்டாம், வெள்ளையடியுங்கோ. சுண்ணாம்பைத் துணியில் வடிச்சு, பால் பதத்துக்குக் கரைச்சு, சுவரை நனைச்சு, நாளுக்கொரு கையாக ஐந்து கை. அடிக்கேக்க தண்ணி பூசினமாதிரித்தான் இருக்கும், பின்னுக்குச் சுவர் தெரியும். பயந்து தடிப்பாக அடிச்சால் வெடிச்சுத் தூளாகக் கையில் ஒட்டும். காயக் காயத்தான் வெளுக்கும். நிறம் வேணுமென்றால் காவி, மஞ்சட்காவி நிக்கும், சுண்ணாம்பின் உலர் நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போடாதேங்கோ. ஒட்டுறதுக்கென்று கறியுப்புக் கரைச்சு ஊத்துற பழக்கம் சிலரிடம் இருக்கு, உங்கட சுவருக்கு அது கூடவே கூடாது.

அலுமாரியைத் திரும்ப வைக்கேக்க சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கோ.