ஷூ டப்பாவுக்குள் டிராஃப்ட் ராத்திரி: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

லயன்ஸ் ரசிகர், டெட்ராய்ட் புறநகர்

2026 ஏப்ரல் கடைசியில் பிட்ஸ்பர்க்கில் என்எஃப்எல் டிராஃப்ட், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீக்கின் அணிகள் வரிசையாகக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. இப்போதே ஆளாளுக்கு மாக் டிராஃப்ட் போட ஆரம்பித்துவிட்டார்கள். எந்த அணி எந்தக் கல்லூரிப் பையனை எடுக்கும் என்று 32 பெயர் எழுதுவது, அடுத்த வாரம் அதையே திருத்துவது, டிராஃப்ட் அன்று காலையில் 'இறுதிக் கணிப்பு' என்று இன்னொன்றை நீட்டுவது. நானும் வருஷா வருஷம் போடுகிறவன்தான், அதனால் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. இந்தத் தடவை கணிப்பு வேண்டாம். டிராஃப்ட் ராத்திரியில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் தொற்றியது பக்கத்து வீட்டுப் பெரியவரிடமிருந்து. கார் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரிவில் முப்பது வருஷம் நின்று ஓய்வு பெற்றவர். 2011-ல் நாங்கள் குடிவந்த முதல் பனிக்காலத்தில், தன் வாசல் பனியைத் தள்ளிய கையோடு என் வாசலையும் தள்ளிவிட்டு, "லயன்ஸ் பார்ப்பாயா?" என்று கேட்டார். கிரிக்கெட்டைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது, அதிலும் அந்த வருஷம்தான் நாம் உலகக் கோப்பையை வென்றிருந்தோம் என்றேன். "ஜெயித்துப் பழகியவனா? கஷ்டப்படுவாய்" என்றார்.

உண்மைதான். 2008-ல் ஆடிய 16 ஆட்டத்திலும் தோற்ற அணி இது. சீசனில் கடைசியாக வந்த அணிக்குத்தான் டிராஃப்டில் முதல் வாய்ப்பு என்பதால், எங்கள் ஊரில் பல வருஷம் நிஜமான சீசனே ஏப்ரலில்தான். செப்டம்பரில் தொடங்குவது அதன் பின்விளைவு.

பெரியவர் வீட்டு கராஜில் ஒரு வழக்கம் உண்டு. டிராஃப்ட் ராத்திரி வருகிற எல்லோருக்கும் கோடு போட்ட சின்ன அட்டையும் தச்சர் பென்சிலும் தருவார். லயன்ஸ் யாரை எடுத்தது என்று மேடையில் அறிவித்த உடனே யாரும் பேசக் கூடாது. ஒரு நிமிஷத்துக்குள் மனதில் பட்டதை எழுதி, கீழே பெயர் போட்டு, ஷூ டப்பாவில் போட வேண்டும். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். டப்பாவுக்கு டேப் ஒட்டி, மேலே வருஷத்தை எழுதி, பெயின்ட் டின்களுக்குப் பக்கத்தில் அடுக்கிவிடுவார். மூன்று வருஷம் கழித்துத்தான் திறப்பு. ஒரு டிராஃப்டை மூன்று வருஷம் ஆகாமல் எடைபோடக் கூடாது என்று இங்கே எல்லோரும் வாயால் சொல்வார்கள். இவர் அதற்கு டேப் ஒட்டியவர்.

நான் வந்த புதிதில் 2005-ஆம் வருஷத்து அட்டை ஒன்றைக் காட்டினார், அவரே எழுதியது. அதன் பின்னணி இதுதான்: 2003-ல் லயன்ஸ் முதல் ரவுண்டில் (முதல் சுற்றுத் தேர்வில்) எடுத்தது சார்லஸ் ராஜர்ஸ் என்ற ரிசீவர், எறிந்த பந்தைப் பிடிப்பவர். 2004-ல் ராய் வில்லியம்ஸ், அவரும் ரிசீவர். 2005-ல் பத்தாவது பிக்கில் (தேர்வு வாய்ப்பில்) மைக் வில்லியம்ஸ், மறுபடியும் ரிசீவர். அட்டையில் இரண்டே சொல்: "இன்னொரு ரிசீவரா". கேள்விக்குறியின் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை, பென்சில் முனை அட்டையைத் துளைத்து அந்தப் பக்கம் போயிருந்தது. மைக் வில்லியம்ஸ் இங்கே இரண்டு சீசன்தான் தாக்குப்பிடித்தார். அவருக்கு அடுத்த பிக்கில் டல்லாஸ் எடுத்த டிமார்கஸ் வேர் இன்று ஹால் ஆஃப் ஃபேம் என்ற சாதனையாளர் அரங்கில் இருக்கிறார். ஆக, கூச்சல் சில சமயம் சரியாகவும் இருக்கும். அந்த ஒரு அட்டையை நம்பித்தான் நான் பல வருஷம் கத்தினேன்.

இனி 2023. டிராஃப்ட் கேன்சஸ் சிட்டியில். எங்கள் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மேத்யூ ஸ்டாஃபர்டை ராம்ஸ் அணிக்குக் கொடுத்ததில் வந்த ஆறாவது பிக் எங்கள் கையில். கார்னர்பேக் (எதிரணி ரிசீவரைத் தடுப்பவர்) எடுப்பார்கள், டெவன் விதர்ஸ்பூனாக இருக்கும் என்று பலரும் எழுதியிருந்தார்கள், என் தாளிலும் அவர் பெயர்தான். ஐந்தாவதிலேயே சியாட்டில் அவரைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. ஒரு பெயர் இடம் மாறினால் கீழே உள்ள அத்தனை பெயரும் செல்லாக்காசு, மாக் டிராஃப்டின் லட்சணம் இவ்வளவுதான். உடனே லயன்ஸ் ஆறாவது பிக்கை அரிசோனாவிடம் விற்று 12-க்கு இறங்கியது. சரி, கிறிஸ்டியன் கொன்சாலஸ் என்ற இன்னொரு நல்ல கார்னர்பேக் இன்னும் மிச்சம் இருக்கிறாரே என்று தேற்றிக்கொண்டோம். 12 வந்தது. கொன்சாலஸ் அப்போதும் இருக்கிறார். மேடையில் வாசித்த பெயர் ஜாமிர் கிப்ஸ், ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), அலபாமா பல்கலைக்கழகம்.

கராஜில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு மாதம் முன்புதான் டேவிட் மான்ட்கோமரி என்ற ரன்னிங் பேக்கை ஒப்பந்தம் செய்திருந்தார்கள், டிஆண்ட்ரே ஸ்விஃப்டும் அணியில்தான் இருந்தார். அந்த இடத்துக்கு முதல் ரவுண்டு பிக்கைச் செலவழிப்பது, கறிவேப்பிலைக்குக் குங்குமப்பூ விலை கொடுப்பது மாதிரி என்பதுதான் அன்றைய பொதுப் பேச்சு. என் அட்டையில் எழுதினேன்: "கொன்சாலஸ் கண்ணெதிரே நிற்கிறார்! முடிவெடுத்தவரை வீட்டுக்கு அனுப்புங்கள்." 18-வது பிக்கில் ஜாக் கேம்ப்பெல் என்ற லைன்பேக்கர், தடுப்பாட்டக்காரர். இரண்டாவது அட்டையில் "இவரையும் கூடவே" என்று எழுதினேன். மறுநாள் நிபுணர்கள் பலர் போட்ட மதிப்பெண்ணும் என் பக்கம்தான்.

அந்த சீசனில் கிப்ஸ் 945 யார்டு ஓடி 10 டச்டவுன் அடித்தார். அதே டிராஃப்டின் இரண்டாவது ரவுண்டில் வந்த சாம் லபோர்ட்டா 86 பந்து பிடித்தார். 2024 ஜனவரியில் ராம்ஸை 24-23 என்று தோற்கடித்தோம், 32 வருஷத்தில் முதல் பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்று) வெற்றி. அடுத்த சீசனின் கடைசி ஆட்டத்தில் வைக்கிங்ஸுக்கு எதிராக கிப்ஸ் நான்கு டச்டவுன் அடித்தபோது, பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி '2023' டப்பா இருந்த அலமாரியைப் பார்த்தார். கொன்சாலஸும் நியூ இங்கிலாந்தில் பிரமாதமாக ஆடுகிறார் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் பதில் இல்லை.

அந்த டப்பாவைத் திறக்கும் நாள் இந்த ஏப்ரலில் வருகிறது.

பேக்கர்ஸ் ரசிகை, விஸ்கான்சின்

லயன்ஸ் அண்ணே, நீங்களாவது மூன்று வருஷம் ரிசீவராக வாங்கிக் கதறினீர்கள். எங்களுக்கு ஒரு ரிசீவர் கிடைக்கவில்லையே என்று கதறல். 2002-ல் ஜவான் வாக்கரை எடுத்ததோடு சரி, அதன்பின் இருபது வருஷத்துக்கு மேல் முதல் ரவுண்டில் ஒருத்தர்கூட இல்லை. ஆனால் அந்த ஒவ்வொரு வருஷமும் மாக் டிராஃப்டில் எங்கள் பெயருக்கு எதிரே ஒரு ரிசீவர் இருப்பார்.

2020, ஊரடங்கு டிராஃப்ட். என்எஃப்எல் கமிஷனர் தன் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து பெயர் வாசித்த வருஷம். ரிசீவர்கள் கொட்டிக்கிடந்தார்கள். எங்கள் அணி 30-லிருந்து 26-க்கு ஏறியது. ஏறுகிறார்கள் என்றால் ரிசீவருக்காகத்தான் என்று நான் சோபாவில் எழுந்து நின்றேன். எடுத்தது ஜோர்டன் லவ், குவாட்டர்பேக்! ஆரன் ராஜர்ஸ் குத்துக்கல்லாக இருக்கும்போதே. நான் ஒன்றும் பேசாமல் சமையலறைக்குப் போய், ஊறப்போட்டிருந்த இட்லி அரிசியைக் கழுவ ஆரம்பித்தேன். ஐந்து தண்ணீர் கழுவியிருப்பேன். பிறகு ராஜர்ஸ் அடுத்தடுத்து இரண்டு வருஷம் எம்விபி (சீசனின் சிறந்த வீரர் விருது) வாங்கினார், அவர் போனதும் லவ் வந்து பிளேஆஃபில் டல்லாஸை 48-32 என்று துவைத்தார். சரி, அரிசிக்குத்தான் அநியாயம்.

போன வருஷம் டிராஃப்ட் எங்கள் கிரீன் பேயிலேயே. ஊரில் மொத்தமே லட்சத்துச் சொச்சம் பேர், மூன்று நாளில் வந்துபோன கூட்டம் ஆறு லட்சம். 23-வது பிக்கை அறிவிக்க அணியின் அப்போதைய நிர்வாகத் தலைவர் மார்க் மர்ஃபியே மேடைக்கு வந்தார். 'வைட் ரிசீவர்' என்ற சொல் காதில் விழுந்ததும், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பாட்டி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பையன் பெயர் என்ன?" என்று கேட்டார். எனக்கும் சரியாகக் கேட்கவில்லை. திரையைப் பார்த்துத்தான் மேத்யூ கோல்டன் என்று படித்தோம்.

ஃபால்கன்ஸ் ரசிகர், அட்லாண்டா

என் கதை சின்னது. 2024 மார்ச்சில் கர்க் கசின்ஸுக்கு நான்கு வருஷத்துக்கு 180 மில்லியன் டாலர் ஒப்பந்தம். ஏப்ரலில் எட்டாவது பிக்கில் மைக்கேல் பெனிக்ஸ், அவரும் குவாட்டர்பேக். நான் பார்த்த ஒரு மாக் டிராஃப்டிலும் இது இல்லை. தப்பாகப் போட்டுவிட்டார்களோ என்று வேறு சேனலுக்கு மாற்றிப் பார்த்தேன். அங்கேயும் பெனிக்ஸ்தான். டிசம்பரில் கசின்ஸ் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பேர்ஸ் ரசிகர், சிகாகோ

2017-ஐப் பற்றிப் பேசினால் எங்கள் ஊரில் எல்லோரும் "மஹோம்ஸை எடுக்கச் சொல்லி அன்றைக்கே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்" என்பார்கள். நான் அடித்துக்கொள்ளவில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன். மூன்றாவது இடத்திலிருந்து இரண்டாவதுக்கு ஒரே ஒரு படி ஏற, கூடுதலாக மூன்று பிக்குகளை சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தூக்கிக் கொடுத்து மிட்ச் ட்ரூபிஸ்கியை எடுத்தோம். கல்லூரியில் 13 ஆட்டம்தான் தொடக்க வீரராக ஆடியவர். பத்தாவதில் கேன்சஸ் சிட்டி, பின்னாளில் லீக்கின் பெரிய நட்சத்திரமான பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. என் நோட்டில் மஹோம்ஸ் பெயருக்கு நேரே "கண்டபடி எறிகிறார், நமக்கு வேண்டாம்" என்று இருக்கிறது. நல்ல வேளை, எங்கள் பக்கத்து வீட்டில் ஷூ டப்பா வைத்துக்கொண்டு யாரும் இல்லை. நோட்டை நானே பரணில் போட்டுவிட்டேன்.

பிரவுன்ஸ் ரசிகர், ஒஹாயோ

போன வருஷம் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். டிராஃப்ட் என்றால் என்ன என்று கேட்டார், பையன்களுக்கு வேலை போட்டுக் கொடுக்கிற நாள் என்று சொல்லிவைத்தேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஷெடூர் சாண்டர்ஸ் என்ற குவாட்டர்பேக் முதல் ரவுண்டில் போவார் என்று எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். வியாழக்கிழமை யாரும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு ரவுண்டு முடிந்தது, அப்போதும் இல்லை. எங்கள் அணியே மூன்றாவது ரவுண்டில் டில்லன் கேப்ரியல் என்ற வேறொரு குவாட்டர்பேக்கை எடுத்தது. போதாததற்கு யாரோ ஓர் அணி நிர்வாகி மாதிரி பேசி அந்தப் பையனுக்குப் போலி போன் வேறு போட்டார்கள். 1984-லிருந்து டிராஃப்ட் பேசிவரும் நிபுணர் மெல் கைப்பர் டிவியில் கொதித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் காபி ஆற்றிக்கொண்டே அம்மா கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பையனுக்கு வேலை கிடைச்சுதாடா?" இல்லை என்றேன். "படிச்ச பையன்தானே, அப்பாவும் பெரிய ஆளுங்கிறே" என்று முணுமுணுத்தார். அப்பா பழைய நட்சத்திர வீரர் டியான் சாண்டர்ஸ் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தேன்.

ஐந்தாவது ரவுண்டு, 144-வது பிக், எங்கள் கிளீவ்லேண்டே எடுத்தது. ஒரே டிராஃப்டில் இரண்டு குவாட்டர்பேக் எதற்கு என்று நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துபோய் சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார். அதற்குமேல் நான் என்ன விமர்சனம் செய்வது!

பேக்கர்ஸ் ரசிகை, விஸ்கான்சின்

அம்மாவுக்கு ஒரு கும்பிடு! லயன்ஸ் அண்ணே, 2024-ல் உங்கள் ஊரிலேயே டிராஃப்ட் நடந்ததே, அதை விட்டுவிட்டீர்களே. அந்த அட்டையில் என்ன எழுதினீர்கள்?

லயன்ஸ் ரசிகர், டெட்ராய்ட் புறநகர்

வேண்டுமென்றேதான் விட்டேன் தங்கச்சி. கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

முதல் நாள் ராத்திரி மட்டும் இரண்டே முக்கால் லட்சம் பேர். பெரியவர் அட்டைகளை ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேடைக்கு ராப் பாடகர் எமினெம் வந்தபோது கூட்டம் அலறியது, லயன்ஸின் பழைய நட்சத்திரம் பாரி சாண்டர்ஸ் வந்தபோது இவர் தொப்பியைக் கழற்றினார். கேலப் வில்லியம்ஸ் முதலில். இரண்டாவதாக வாஷிங்டன் எடுத்த ஜேடன் டேனியல்ஸ் மேடையில் நடந்து வந்தார். எங்கள் முறை வர நேரம் கிடந்தது. குளிரில் கை சும்மா இருக்காமல் ஒரு அட்டையை எடுத்து, நம் அணியே இல்லாத அந்தப் பையனைப் பற்றி எழுதினேன்: "டேனியல்ஸ். ஒல்லிக்கால். இந்த லீக்கில் அடி தாங்காது." பெரியவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

24-க்கு ஏறி டெரியான் அர்னால்டை எடுத்தார்கள். கார்னர்பேக்! தரை அதிர்ந்தது. என் அட்டை: "கடைசியில் புத்தி வந்தது." அர்னால்ட் முதல் சில வாரங்களில் அபராதக் கொடியாக வாங்கிக் குவித்தார் என்பது வேறு கதை.

அடுத்த ஜனவரி 18. 15 வெற்றி, 2 தோல்வி என்ற கணக்கோடு, அந்த மேடை இருந்த இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஃபோர்ட் ஃபீல்டில் பிளேஆஃப். எதிரணி வாஷிங்டன். ஒல்லிக்கால் டேனியல்ஸ் 45-31 என்று எங்களை வழியனுப்பிவைத்தார். வீடு திரும்பியதும் நேரே கராஜுக்குப் போய், "அந்த ஒரு அட்டையை மட்டும் எடுத்துவிடலாமா?" என்று கேட்டேன். "2027" என்றார்.

போன சீசனில் டேனியல்ஸுக்கு முழங்கால், தொடை என்று ஒவ்வொன்றாகக் காயம், நவம்பரில் முழங்கையும் நழுவியது. மறுநாள் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துவரும்போது பெரியவர் கேட்டார்: "நீ எழுதியது பலித்துவிடும் போலிருக்கிறதே?" எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அதை எடுத்துவிடுங்கள் என்று மறுபடியும் கேட்டேன்.

"டேப் ஒட்டியாயிற்று" என்று சொல்லிவிட்டுத் தொட்டியை ஓரமாக நிறுத்தினார்.