கிரவுன் விக்டோரியாவுக்குப் பிறகு: பெரிய செடான் ரோந்து காரை அமெரிக்கா இழந்தது சரியா?

சேஸிஸ் செல்வம்
2011 செப்டம்பரில் கனடாவின் செயின்ட் தாமஸ் ஆலையில், அமெரிக்கக் காவல்துறை ரோந்துக்கு ஓட்டிய செடான் காரான ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவின் உற்பத்தி நின்றது. ரோந்து காரின் பொற்காலம் அன்றோடு முடிந்தது என்பதே என் கட்சி. தனி சேஸிஸ் (உடலுக்கு அடியில் தனி இரும்புச் சட்டம்), பின்சக்கர இயக்கம், 4.6 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின். துரத்தும்போது நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கினாலும் அசராது. நசுங்கிய ஃபென்டரை (சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டை) கழற்றி மாற்றினால் மீண்டும் பணிக்குத் தயார். காவல்துறை விற்ற பிறகும் டாக்ஸியாக ஓடித் தீர்த்த வண்டி அது. அதன் இடத்துக்கு வந்த ஃபோர்டு எஸ்யூவியான எக்ஸ்ப்ளோரருக்கு அந்த உழைப்பு வருமா?

நெடுஞ்சாலை நந்தன்
செல்வம், பெட்ரோல் டேங்க் எங்கே இருந்தது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! பின் அச்சுக்குப் பின்னால். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு வண்டியை நிறுத்திவிட்டு அதன் பின்னால் நிற்பதுதான் ரோந்து காரின் அன்றாட வேலை. அப்படி நின்ற கார்கள் மீது வேகமாக வந்தவை மோதி, டேங்க் கிழிந்து தீப்பிடித்தது. காவலர்கள் உள்ளேயே எரிந்து இறந்தார்கள். டேங்குக்குப் பாதுகாப்புத் தகடு கொடுக்க ஃபோர்டு முன்வந்தது 2002இல். எக்ஸ்ப்ளோரரின் போலீஸ் வடிவம் மணிக்கு 120 கி.மீ. வேகப் பின்மோதல் சோதனையைத் தாங்கியது. எனக்கு அது போதும்.

சேஸிஸ் செல்வம்
அந்த மரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் எக்ஸ்ப்ளோரருக்கு மட்டும் நற்சான்றிதழ் எதற்கு? 2017இல் ஆஸ்டின் நகரக் காவல்துறை ஏறத்தாழ 400 எக்ஸ்ப்ளோரர்களை ஓரங்கட்டியது. காரணம், உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு.

மிச்சிகன் மீனா
போலீஸ் வண்டிகளுக்குக் கருவிகள் பொருத்தும் பட்டறையில் வேலை செய்பவள் என்பதால் சொல்கிறேன். விளக்குக்கும் வயருக்கும் வண்டியின் உடலில் துளை போட்டுவிட்டுச் சரியாக அடைக்காததும் அந்தக் கசிவுக்கு ஒரு காரணம் என்று ஃபோர்டு சொன்னது. எங்கள் தொழிலில் அந்த எச்சரிக்கையை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் இருவரும் காவல்துறை விரும்பித் தேர்ந்தெடுத்ததைப் போலப் பேசுகிறீர்கள். பொதுமக்கள் எதை வாங்கினார்களோ, அதன் போலீஸ் வடிவம்தான் எப்போதும் அவர்களுக்குக் கிடைத்தது. 70களில் பிளைமவுத் ஃபியூரியில் 7.2 லிட்டர் இன்ஜின் இருந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெரிய கார்களே சுருங்கின, ரோந்து காரும் சுருங்கியது. 1994இல் ஷெவர்லே கப்ரீஸுக்கு 260 குதிரைத்திறன் வி8 வந்தது. காவலர்கள் கொண்டாடிய கார். 1996இல் அதை நிறுத்திவிட்டு, டெக்சஸின் ஆர்லிங்டன் ஆலையை லாபம் கொழிக்கும் எஸ்யூவிகளுக்கு மாற்றினார்கள். காவலர்களை யார் கேட்டார்கள்?

உள்ளே பாருங்கள். சாதாரண எக்ஸ்ப்ளோரரில் கியர் நடுவில் இருக்கும். போலீஸ் வண்டியில் அது ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கிறது, கிரவுன் விக்டோரியாவில் இருந்ததைப் போலவே. நடுவில் லேப்டாப்பும் ரேடியோவும் சைரன் பொத்தான்களும் உட்கார வேண்டுமே! இருக்கையின் பக்கத் திண்டையும் குறைத்திருக்கிறார்கள், துப்பாக்கி இடைவாருக்காக.

நெடுஞ்சாலை நந்தன்
மீனா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ரோந்து கார் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் நேரமும் பெரும் செலவுதான். 2020 மாடல் எக்ஸ்ப்ளோரரில் வந்த ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது), நிற்கும்போது விளக்கையும் ரேடியோவையும் பேட்டரியில் ஓட்டுகிறது. பழைய வி8 மணிக்கணக்கில் பெட்ரோலை வீணாகக் குடித்தது.

சேஸிஸ் செல்வம்
ஹைபிரிட்டை ஒப்புக்கொள்கிறேன். அதை ஒரு பெரிய செடானில் வைக்க என்ன தடை? 2023 டிசம்பரில் கனடாவின் பிராம்ப்டன் ஆலையில், ரோந்துக்கு ஓடிய இன்னொரு பெரிய செடானான டாட்ஜ் சார்ஜரின் உற்பத்தியும் நின்றுவிட்டது. தாழ்வாக, சாலையைப் பற்றிக்கொண்டு வளைவில் திரும்பும் ஒரு காரைக் கேட்கும் நெடுஞ்சாலைக் காவலருக்கு நந்தன் எதைக் காட்டுவார்?

நெடுஞ்சாலை நந்தன்
நான்கு சக்கர இயக்கமுள்ள எக்ஸ்ப்ளோரரையே காட்டுவேன். மிச்சிகனின் ஜனவரிப் பனியில் பின்சக்கர வி8ஐ ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், அந்த வளைவைப் பற்றிப் பேசலாம்.