பொருள்: ராக் பர்ஸ்ட் – 'பாறை வெடிப்பு' சரிவராது

வணக்கம் அண்ணே, நண்பர்களே,

ஆழச் சுரங்கத்தில் பாறை தானாகவே சிதறிப் பாயும் 'ராக் பர்ஸ்ட்' (rock burst) என்பதற்குத் தமிழாக அண்ணன் நேற்று சொன்ன 'பாறை வெடிப்பு' என்ற சொல்லை இங்கே சிங்கப்பூரில் எங்கள் தளத்துத் தம்பிகளிடம் சொல்லிப் பார்த்தேன். வெளிநாட்டுச் சுரங்க வேலைக்குப் போகவிருக்கும் இரண்டு பேருக்காகத்தான் இந்தக் குறிப்பையே எழுதுகிறேன். சொன்னதும் ஒருவர் பாறைச் சுவரில் டார்ச் அடித்து, விரல் நுழையும் விரிசல் ஒன்றைக் காட்டி "இதானே அண்ணே?" என்றார். இன்னொருவர் வெடிமருந்து வைப்பதைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். பித்தவெடிப்பு பார்த்த கண்ணுக்கு வெடிப்பு என்றால் விரிசல்தான்.

ஆனால் ராக் பர்ஸ்ட் இரண்டுமே இல்லை. ஆழத்தில் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அழுத்தம் ஏறி, கெட்டியான பாறை வளைத்த வில்லைப்போல் விறைத்து நிற்கும். பக்கத்தில் தாதுவை எடுத்து வெற்றிடம் ஆக்கியதும், மருந்தே வைக்காமல், ஒரு நொடியில் துண்டுதுண்டாகப் பாய்ந்து வரும். சிங்கப்பூரில் எண்ணெய் சேமிக்கும் ஜூரோங் பாறைக்குகைகளின் 130 மீட்டர் சொச்ச ஆழம் எங்கே, கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட ஆழம் எங்கே! என் தாத்தா கோலாரில் வேலை பார்த்தவர். கீழே பாறை பாய்ந்தால் மேலே தொழிலாளர் லைன் வீட்டில் அலமாரித் தட்டிலிருந்து தம்ளர் உருண்டு விழுமாம், உடனே பெண்கள் எல்லாரும் ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி) வாசலுக்கு ஓடுவார்களாம்.

கோலாரில் ராக் பர்ஸ்டை 'ஏர் பிளாஸ்ட்' (air blast) என்றே சொன்னார்கள். இன்று அந்தப் பெயர் வேறொன்றுக்கு. தாதுப்பாறையை அடியில் அறுத்துத் தானாகச் சரியவிடும் சுரங்கங்களில், மேலே பெரிய பொந்து உண்டாகி அதன் கூரை மொத்தமாக விழுந்தால், அடைபட்ட காற்று சுரங்கப்பாதை வழியே புயலாக வரும். 1999இல் ஆஸ்திரேலியாவின் நார்த்பார்க்ஸ் சுரங்கத்தில் 4 பேர் இப்படித்தான் இறந்தார்கள். அதற்குக் 'காற்றடி' போதும். தூண் விட்டுத் தோண்டும் சுரங்கத்தில் தூண் மெல்ல நொறுங்குவதும் தனிச்சொல் கேட்கும், அதை அப்புறம் பார்க்கலாம்.

ராக் பர்ஸ்டுக்கு நான் சொல்வது 'பாறைத்தெறிப்பு'. நாண் தெறிக்கும், எண்ணெயில் கடுகு தெறிக்கும். தேக்கிவைத்த விசை சட்டென்று வெளிவருவது அந்த வினையிலேயே இருக்கிறது. தம்பிகளிடம் சொன்னதும் ஒருவர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டார், விளக்கமே தேவைப்படவில்லை.

ஒரே தடை, இலங்கைப் பாடநூல்களில் 'ஒளித்தெறிப்பு' என்றால் ஒளி ஒன்றில் பட்டுத் திரும்புவது, அதாவது பிரதிபலிப்பு. யாழ்ப்பாண நண்பர்களே, 'பாறை' முன்னால் வந்தும் குழப்புமா? குழப்பும் என்றால் 'பாறைப்பாய்ச்சல்' என்பதைப் பரிசீலிக்கலாம், எனக்கு அது அரைமனதுதான்.