புதுப்பிப்பு: வன்னிக்கு வரும் தன்னார்வலர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்குத் தன்னார்வப் பணிக்கு வருவோர் எதையெல்லாம் கொண்டுவர வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த பலரும் கேட்டது மிதிவெடி பற்றித்தான். உள்நாட்டுப் போர் 2009 இல் முடிந்தாலும் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை தெரிந்தால் அதற்கு அப்பால் ஓர் அடிகூட வைக்காதீர்கள். பலகை இல்லாத பற்றைக்காட்டிலும் ஊரவர் நடக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள். வெள்ளம் வெடிபொருளை இடம் மாற்றிவிடும். துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலரிடமோ பொலிஸின் 119 இலக்கத்திலோ சொல்லுங்கள். படம் எடுக்கக்கூட நெருங்க வேண்டாம், தயவுசெய்து.

மலேரியா பற்றியும் கேட்டிருந்தீர்கள். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்றளித்துவிட்டது. ஆனால் டெங்கு இருக்கிறது, அதைப் பரப்பும் நுளம்பு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும். முழுக்கைச் சட்டை வெயிலுக்கும் உதவும்.

முல்லைத்தீவுக்குப் போகிறவர்கள் ஏ9 வீதி (கண்டி - யாழ்ப்பாணம் நெடுஞ்சாலை) பஸ்ஸில் வந்து மாங்குளத்தில் இறங்கி மாறலாம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம். உள்வீதிகள் வெள்ளத்தில் அடைபடும் என்பதால் பயணத்துக்குக் கூடுதலாக ஒரு நாளை ஒதுக்குங்கள். அவசரத்துக்கு 1990 ஐ அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.